மலைப்பள்ளியில் ஆஸ்திரேலிய முன்னோடிப் பெண்கள் கண்காட்சி: 12 சார்ட், ஒரு சுவர்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி வட்டாரத்தில் ஒரு பள்ளியிலோ ஊர் நூலகத்திலோ இந்தக் கண்காட்சியை வைக்க 12 சார்ட், 9 மீட்டர் சுவர், மூன்று வார உழைப்பு போதும். "ஆஸ்திரேலியா எங்கே, நாம் எங்கே" என்று பிள்ளைகள் கேட்டால் சன்னலைத் திறந்து காட்டுங்கள். கற்பூர மரம், சீகை மரம், தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மூன்றுமே அங்கிருந்து வந்தவை. இன்னொரு உறவு ஊட்டி அருகே முத்தோரையில் இருக்கிறது, அது பின்னால் வரும்.

நாள் குறிப்பதில் அவசரம் வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஊட்டி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்கு மழை. அக்டோபர், நவம்பரில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்கு மழை. அந்த மாதங்களில் தொங்கும் தாள் ஒரே இரவில் ஈரம் குடித்து வளைந்துவிடும். மார்ச் 8 மகளிர் நாள் பொருத்தமாகத் தோன்றும், ஆனால் அது பொதுத்தேர்வு நேரம். பெரிய வகுப்புப் பிள்ளைகள் வரமாட்டார்கள். பிப்ரவரி இரண்டாவது, மூன்றாவது வாரம்தான் சரி: காற்று காய்ந்திருக்கும், வெயிலும் கிடைக்கும். மழை அடிக்கும் வெளிச்சுவரின் உட்பக்கத்தைத் தவிர்த்து, இரண்டு அறைகளுக்கு நடுவில் இருக்கும் சுவரைப் பிடியுங்கள். வெளிச்சுவர் காலையில் வியர்க்கும்.

யார் அந்தப் பன்னிரண்டு பேர்

பல துறைகள், பல காலங்கள் கலந்திருக்க வேண்டும். நாங்கள் பரிந்துரைக்கும் வரிசை: கேத்தரின் ஹெலன் ஸ்பென்ஸ் (அரசியல்), லூயிசா லாசன் (இதழியல்), கான்ஸ்டன்ஸ் ஸ்டோன் (மருத்துவம்), ஏடா எவன்ஸ் (சட்டம்), ஃபேனி டுராக் (நீச்சல்), மேரி க்ளௌரி (இந்தியாவில் மருத்துவப் பணி), ஈடித் கவன் (சட்டமன்றம்), ரூபி பெய்ன்-ஸ்காட் (வானியல்), ஃபெய்த் பேண்ட்லர் (தொல்குடி உரிமை), ஜெல்டா டப்ரானோ (சம ஊதியம்), கேத்தி ஃப்ரீமன் (ஓட்டம்), எலிசபெத் பிளாக்பர்ன் (உயிரியல்). பெயர்களின் தமிழ் எழுத்துக்கூட்டலை முதல் நாளே ஒரு தாளில் எழுதி எல்லாக் குழுவுக்கும் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஆள் மூன்று சார்ட்டில் மூன்று பெயரோடு நிற்பார்.

ஒரு சார்ட்டுக்கு இரண்டு மாணவர் என்றால் 24 பேர். ஒருவர் எழுத, மற்றவர் வரைய.

"முதல்" என்ற சொல்லில் வழுக்காமல்

இத்தகைய கண்காட்சிகளில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை "முதல் பெண்" என்ற இரண்டு சொல்லில் பிறப்பவை. எதில் முதல், எந்த ஊரில், எந்த ஆண்டு என்ற மூன்றும் இல்லாமல் அந்தச் சொல்லை எழுதவே விடாதீர்கள். ஒவ்வொரு சார்ட்டிலும் நான்கு செய்தி வரட்டும்: என்ன செய்தார், அவருக்கு எந்தக் கதவு சாத்தியிருந்தது, அது எந்த ஆண்டு எப்படித் திறந்தது, திறந்த பிறகும் யார் வெளியே நின்றார்கள். நான்காவதை எழுதத்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். விட்டுவிடாதீர்கள், சார்ட்டுக்கு உயிர் அதில்தான்.

சட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஏடா எவன்ஸ் 1902இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார்; ஆஸ்திரேலியாவில் அப்படிப் பட்டம் பெற்ற முதல் பெண். ஆனால் வழக்கறிஞராகப் பதிய நியூ சவுத் வேல்ஸ் விடவில்லை. 1918இல் சட்டம் மாறி, 1921இல்தான் அவர் பதிந்தார். அதற்குள் விக்டோரியாவில் ஃப்ளாஸ் கிரெய்க் 1905லேயே வழக்கறிஞராகிவிட்டார். எனவே "ஆஸ்திரேலியாவின் முதல் பெண் வழக்கறிஞர் ஏடா எவன்ஸ்" என்று எழுதினால் தவறு. மருத்துவத்திலும் இதே கண்ணி. சிட்னியில் மருத்துவம் படிக்கச் சேர்ந்த முதல் பெண் டாக்மர் பெர்ன்; ஆஸ்திரேலியாவில் மருத்துவராகப் பதிந்த முதல் பெண் 1890இல் கான்ஸ்டன்ஸ் ஸ்டோன். மெல்போர்னில் பெண்களுக்கு மருத்துவ வகுப்பு இல்லாததால் ஸ்டோன் வட அமெரிக்கா போய்ப் படித்தார். பெண்களிடம் ஆளுக்கொரு ஷில்லிங் திரட்டிய நிதியில் 1899இல் மெல்போர்னில் எழுந்த குயின் விக்டோரியா மருத்துவமனைக்குப் பின்னால் நின்றவர்களில் அவரும் ஒருவர்.

வாக்குரிமைச் சார்ட் இன்னும் சிக்கல். பெண்களுக்கு வாக்குரிமை தந்த முதல் நாடு ஆஸ்திரேலியா அல்ல, நியூசிலாந்து, 1893. தெற்கு ஆஸ்திரேலியா 1894இல் வாக்களிக்கும் உரிமையோடு தேர்தலில் நிற்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்தது. அதைப் பற்றிக்கொண்டு ஸ்பென்ஸ் 1897இல் கூட்டாட்சி மாநாட்டுத் தேர்தலில் நின்று தோற்றார். அந்நாட்டில் தேர்தலில் நின்ற முதல் பெண் அவரே. 1902இல் கூட்டாட்சித் தேர்தலுக்கு நாடு முழுவதும் பெண் வாக்குரிமை வந்தது. அதே சட்டம் தொல்குடியினரில் பெரும்பாலோரை விலக்கியது. கூட்டாட்சித் தேர்தலில் அவர்கள் எல்லோருக்கும் வாக்குரிமை வர 1962 ஆனது. ஈடித் கவன் 1921இல் வென்றது மேற்கு ஆஸ்திரேலிய மாநிலச் சட்டமன்றத்துக்கு. கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்கு எனிட் லயன்ஸ், டோரதி டேங்னி இருவரும் 1943இல்தான் போனார்கள்.

1967 வாக்கெடுப்பில்தான் தொல்குடியினருக்கு வாக்குரிமை கிடைத்தது என்று எழுதிக்கொண்டு வருவார்கள். திருத்துங்கள். ஃபெய்த் பேண்ட்லர் முன்னின்று பரப்புரை செய்த அந்த வாக்கெடுப்பு, தொல்குடியினரை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கவும் அவர்களுக்காகக் கூட்டாட்சி அரசு சட்டமியற்றவும் வழிசெய்தது. ஆதரவு 90.77 விழுக்காடு.

ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய முதல் தொல்குடிப் பெண் கேத்தி ஃப்ரீமன் அல்ல. 1996இல் ஹாக்கி அணியில் இருந்த நோவா பெரிஸ். தனிநபர் போட்டியில் முதல் தங்கம் ஃப்ரீமனுடையது: 2000, சிட்னி, 400 மீட்டர்.

அடியில் ஒரு காலக்கோடு ஓடட்டும். மேலே ஆஸ்திரேலியா, கீழே சென்னை மாகாணம். 1912இல் ஸ்டாக்ஹோமில் ஃபேனி டுராக் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். அதே ஆண்டு முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1921இல் ஈடித் கவன் வென்றார். அதே ஆண்டு சென்னை மாகாணத்தில் சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. மேரி க்ளௌரி இரண்டு கோட்டுக்கும் சொந்தம். மெல்போர்னில் படித்த இந்த மருத்துவர் 1920இல் கன்னியாஸ்திரீ ஆவதற்காக, அன்று சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு வந்து, 1943இல் கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கத்தைத் தொடங்கினார்.

முத்தோரைக்கு வரும் கோடு

ரூபி பெய்ன்-ஸ்காட் சார்ட்டை நடுவில் மாட்டுங்கள். சிட்னியில் ஜோசப் பாசி தலைமையில் இயங்கிய ரேடியோ இயற்பியல் குழுவில் அவர் வேலை பார்த்தார். 1946இல் டோவர் ஹைட்ஸ் கடற்பாறை மேலிருந்த ஆன்டெனாவால், உதிக்கும் சூரியனிடமிருந்து நேராக வரும் ரேடியோ அலையையும் கடலில் பட்டுத் திரும்பும் அலையையும் சேர்த்துப் பிடித்து, சூரியனில் அலை எந்த இடத்திலிருந்து புறப்படுகிறது என்று அளந்தார்கள். அந்நாட்டு அரசுப்பணியில் மணமான பெண்ணுக்கு நிரந்தர வேலை கிடையாது. அவர் 1944இல் மணம் செய்து அதை மறைத்தே வைத்திருந்தார். 1950இல் தெரியவந்து நிரந்தரப் பதவி போனது. அடுத்த ஆண்டு, குழந்தை பிறக்கும் முன் வேலையை விட்டார். அந்த விதி 1966 வரை இருந்தது.

1953இல் அதே பாசியின் குழுவில் பயிலப் போனவர் இந்திய வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப். ஊர் திரும்பி அவர் முத்தோரையில் எழுப்பிய ரேடியோ தொலைநோக்கி 1970இல் இயங்கத் தொடங்கியது: 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், அந்த இடத்தின் அட்சரேகைக்கு ஈடாக ஏறத்தாழ 11 பாகை சரிந்த மலைச்சரிவில். சார்ட்டில் டோவர் ஹைட்ஸ் படத்தையும் முத்தோரைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் இங்கத்துப் பிள்ளை ஒரு நிமிடம் நிற்பாள்.

டோவர் ஹைட்ஸ் முறைக்குச் செயல்விளக்கம் எளிது. எவர்சில்வர் தாம்பாளத்தில் 1 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர். ஒரு பக்கம் டார்ச், எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை. டார்ச்சை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 10 பாகை சாய்த்துப் பிடித்தால் அட்டையில் இரண்டு வெளிச்சம் விழும்: ஒன்று நேராக வந்தது, மற்றது தண்ணீரில் பட்டு வந்தது. டார்ச்சை உயர்த்தினால் இரண்டாவது அட்டைக்கு மேலே போய்விடும். பெரும்பாலும் இங்கேதான் தவறும். லேசர் பேனா வேண்டாம், தண்ணீரில் தெறித்துக் கண்ணில் அடிக்கும்.

பொருள்களும் அளவும்

சார்ட் 22க்கு 28 அங்குலம். நெட்டாக மாட்டினால் அகலம் 56 செ.மீ. பன்னிரண்டுக்கு 6.72 மீட்டர், இடையில் 15 செ.மீ. வீதம் 11 இடைவெளிக்கு 1.65 மீட்டர், இரு முனையிலும் கொக்கிக்கு இடம். ஆக 9 மீட்டர். தரையிலிருந்து 165 செ.மீ. உயரத்தில் ஒரு கம்பி, 95 செ.மீ.இல் இன்னொன்று. சார்ட்டின் நடு 130 செ.மீ.இல் வரும், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் கண்மட்டம். நைலான் கயிறு ஈரத்தில் தொய்யும். கட்டுக் கம்பியை முறுக்கி இழுத்துக் கட்டுங்கள். சார்ட்டுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு துணி கிளிப், மொத்தம் 48; உடைவதற்கு ஆறு கூடுதலாக. கீழே கிளிப் போடாவிட்டால் கதவு திறக்கும்போதெல்லாம் தாள் படபடக்கும்.

செலோ டேப்பை நம்ப வேண்டாம். சுண்ணாம்புச் சுவரில் பொடியோடு உரிந்து வரும், குளிரில் பசை இறுகும். படங்களைச் சார்ட்டில் ஒட்ட மைதாப் பசை நல்லது: 100 கிராம் மைதாவை 150 மில்லி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் 500 மில்லி தண்ணீரில் ஊற்றி, கண்ணாடிபோல் ஆகும்வரை நான்கைந்து நிமிடம் கிண்டுங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 பாகையிலேயே கொதித்துவிடும்; மாவு இறுக அது தாராளம். பசை நீர்த்தால் தாள் ஒரு பக்கம் மட்டும் ஊறிச் சுருக்கம் விழும். மெல்லத் தடவி, ஒட்டியதும் புத்தக அடுக்கின் கீழ் ஓரிரவு வையுங்கள்.

சாதாரண ஸ்கெட்ச் பேனா ஈரத்தில் கசியும். பெர்மனன்ட் மார்க்கர் வாங்குங்கள். படங்கள் லேசர் பிரிண்டாக இருக்கட்டும், இங்க்ஜெட் மை மூடுபனியிலேயே பரவும். டிடிபி கடைக்கு யூனிகோட் கோப்பை அப்படியே கொடுத்தால், பாமினி, வானவில் எழுத்துரு வைத்திருக்கும் இடத்தில் கொம்பும் காலும் இடம் மாறி வரும். பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்து, ஒரு தாள் அச்சடித்துப் பார்த்த பிறகு மீதியைச் சொல்லுங்கள்.

தலைப்பு எழுத்து 4 செ.மீ., உள்ளே 12 மி.மீ. உயரம். வரிக்கு வரி எழுத்துயரத்தில் ஒன்றரை மடங்கு விடுங்கள். இல்லாவிட்டால் மேல்வரியின் "கூ"வும் கீழ்வரியின் "கீ"யும் முட்டும். சார்ட்டுக்கு 60 சொல் போதும்.

தொட்டுப் பார்க்க மூன்று

பிளாக்பர்ன் 2009இல் மருத்துவ நோபல் பெற்றார். ஹோபார்ட்டில் பிறந்தவர்; நோபல் பெற்ற முதல் ஆஸ்திரேலியப் பெண். குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமெனா என்ற ஒருசெல் உயிரியில் குரோமோசோம் நுனியை ஆராய்ந்தார். அந்த நுனியில் டி, டி, ஜி, ஜி, ஜி, ஜி என்ற ஆறு டிஎன்ஏ எழுத்து திரும்பத் திரும்ப வரும். டிக்குச் சிவப்பு மணி, ஜிக்கு நீல மணி. 20 சிவப்பு, 40 நீலம் கோத்தால் பத்து முறை. செல் ஒருமுறை பிரிந்தால் ஒரு கொத்தைக் கழற்றுங்கள். நுனியை நீட்டும் டெலோமெரேஸ் நொதி வந்தால் ஒன்றைக் கோத்துவிடுங்கள். "ஆயுளை நீட்டும் மருந்து கண்டுபிடித்தார்" என்று யாராவது எழுதினால் அழித்துவிடுங்கள்.

ஃப்ரீமனின் நேரம் 49.11 நொடி. நொடிக்கு 8 மீட்டருக்குச் சற்று மேல். தரையில் 8.1 மீட்டருக்கு இரண்டு சுண்ணாம்புக் கோடு போட்டு, "ஒன்று" என்று எண்ணுவதற்குள் கடக்கச் சொல்லுங்கள். மலையில் 400 மீட்டர் மைதானம் தேடி அலைய வேண்டாம்.

டப்ரானோவுக்கு நான்கு நாணயம் போதும். 1969இல் மெல்போர்ன் அரசுக் கட்டட வாசலில் தன்னைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டவர் அவர். ஆணின் கூலியில் பெண்ணுக்கு 75 விழுக்காடுதான் என்பதால், டிராமில் ஏறி முக்கால் கட்டணம் மட்டும் கொடுத்துப் பயணம் செய்தார்கள் அவரும் தோழிகளும். நான்கில் ஒன்றை எடுத்துவிட்டு மீதியைக் கையில் கொடுங்கள். 1969 தீர்ப்பு ஆணும் பெண்ணும் ஒரே வேலை செய்யும் இடத்துக்கு மட்டும். பெண்களே முழுக்கச் செய்யும் வேலைகளை அது எட்டவில்லை, 1972 தீர்ப்புதான் சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்றது. கொழுந்து பறிக்கும் அம்மாக்கள் பார்க்க வரும் நாளில் இந்த இடத்தில் பேசத் தெரிந்த ஒரு மாணவியை நிறுத்துங்கள்.

மறைந்தவரின் பெயரையும் படத்தையும் காட்டுவதை ஆஸ்திரேலியத் தொல்குடிகளில் பல குழுக்கள் தவிர்க்கும். அங்கே கண்காட்சி வாசலில் அதற்கென ஓர் அறிவிப்பு வைப்பார்கள். நீங்களும் இரண்டு வரியில் வையுங்கள்.

முடிந்ததும் சார்ட்டுகளை வெயிலில் ஒரு மணி நேரம் உலர்த்தி, எழுத்து வெளிப்பக்கம் இருக்கும்படி 4 அங்குல பிவிசி குழாயில் சுருட்டி, இரு முனையும் துணியால் கட்டுங்கள். உள்ளே எழுத்து வரும்படி சுருட்டினால் அடுத்த முறை மாட்டும்போது ஓரம் முன்னால் மடங்கி வாசிக்க விடாது. பெயர் எழுத்துக்கூட்டல் தாளையும் அதே குழாயில் போட்டு அடுத்த பள்ளிக்குப் பஸ்ஸில் அனுப்பிவிடலாம்.