இன்வெர்ட்டர் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறதா? சார்ஜ் நிலைகளைப் பாருங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் சாயங்கால இடிமழையில் கரண்ட் போனால் இன்வெர்ட்டர்தான் கை கொடுக்கும். ஆனால் மின்சாரம் திரும்பி ஒரு மணி நேரத்தில் பேட்டரி நிறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியை எடுத்துக்கொள்வோம். முதலில் பல்க், பெரும்பகுதி நிறையும் கட்டம்: கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 15 ஆம்பியர் சீராக ஏறும், வோல்டேஜ் 14.4 வரை உயரும். அப்போது ஏறக்குறைய 80 சதவீதம்தான் நிறைந்திருக்கும். அடுத்தது அப்சார்ப்ஷன். வோல்டேஜ் 14.4-லேயே நிற்க, ஆம்பியர் மெல்லக் குறைந்து 3-க்கு வரும். இதற்குச் சில மணி நேரம் பிடிக்கும், அவசரப்படுத்த முடியாது. இந்தக் கட்டம் அடிக்கடி பாதியில் நின்றால் தகடுகளில் சல்பேட் கெட்டிப்படும். பேட்டரி சாவது பெரும்பாலும் இப்படித்தான். கடைசியாக ஃப்ளோட், நிறைந்த பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொள்ளும் கட்டம்: 13.5 முதல் 13.8 வோல்ட்.

நம் ஊர்ச் சூட்டையும் கணக்கில் எடுங்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.024 வோல்ட் குறைக்க வேண்டும்; தகரக்கூரைக்கடியில் 35 டிகிரி என்றால் 14.4 அல்ல, 14.2 போதும். குறைக்காவிட்டால் தண்ணீர் வேகமாக வற்றும்.

டிஸ்டில்டு வாட்டரை முழுச் சார்ஜுக்குப் பிறகே ஊற்றுங்கள். முன்பே நிரப்பினால் அமிலம் பொங்கி வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முதலிலேயே ஊற்றலாம். ஜெல் பேட்டரிக்கு ஈக்வலைஸ் (வேண்டுமென்றே கூடுதல் வோல்டேஜில் சார்ஜ் ஏற்றுவது) வேண்டவே வேண்டாம்.