வெளியூரில் வீடு வாங்குமுன் பயணத்தை ஒத்திகை பாருங்கள்

நகரத்துக்கு வெளியே வீடு பார்க்கும்போது "ரயிலில் 45 நிமிடம்தான்" என்பார்கள். அது ரயில் ஓடும் நேரம் மட்டும். வீட்டைப் பூட்டுவதிலிருந்து அலுவலக நாற்காலியில் உட்காரும் வரை கணக்கிடுங்கள். ஒரு வழிக்கு 20 நிமிடம் கூடினாலே, 22 வேலை நாளில் கிட்டத்தட்ட 15 மணி நேரம் போய்விடும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை நாளில், காலை நெரிசலில் போய் மாலையில் திரும்பிப் பாருங்கள். விடுமுறை நாள் பயணத்தை நம்பவே வேண்டாம். ரயில் 5 நிமிடம் தாமதமாகி, அரை மணிக்கு ஒன்றாக வரும் பேருந்து போய்விட்டால் இழப்பு 5 நிமிடமல்ல, அரை மணி. நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று சொல்வது இதனால்தான். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டை, நல்ல மழை பெய்த மறுநாள் பாருங்கள். சுவர்களில் ஒரே உயரத்தில் கறைக்கோடு ஓடினால் தண்ணீர் நின்றிருக்கலாம். முழங்கால் உயரத்துக்கு மட்டும் புது பெயின்ட் அடித்திருந்தால் காரணம் கேளுங்கள். சுவரடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே எத்தனை முறை அடித்தாலும் பெயின்ட் உரியும். சமையலறை, குளியலறைக் குழாய்களை ஒரே நேரத்தில் திறந்து, நீரின் வேகம் குறைகிறதா என்று பாருங்கள்.

மாதத் தவணையைப் பழைய வாடகையோடு ஒப்பிடும்போது பயணச்சீட்டு, நிலையத்தில் வண்டி நிறுத்தும் கட்டணம், வரி, பராமரிப்பு எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வசதிப்பட்டால் அதே ஊரில் முதலில் ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பார்ப்பது மிக நல்லது.