மூளைக்குச் சத்து ஊசி: பக்கவாதம் வந்த வீட்டில் செய்யக் கூடாதவை

உசிலம்பட்டியில் எங்கள் பெரியப்பாவுக்கு ஒருநாள் காலையில் வாய் கோணி, வலது கை விளங்காமல் போனது. பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றி, "மூளைக்குச் சத்து ஊசி" போட்டு மத்தியானம் வரை படுக்க வைத்துவிட்டார்கள். மதுரைக்குக் கொண்டுவந்தபோது, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நேரம் கடந்திருந்தது. அந்த ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

சத்து ஊசி என்று நம் பக்கம் சொல்வது பெரும்பாலும் சிட்டிகோலின். மூளைச் செல்லின் மேலுறையைக் கட்டுவதற்கான மூலப்பொருளைத் தருவது அது. அடைத்த ரத்தக்குழாயைத் திறக்காது. 2012-இல் வெளியான இக்டஸ் ஆய்வில் 2,298 பக்கவாத நோயாளிகளில் ஒரு பாதிப் பேருக்கு இதையும், மறுபாதிக்கு வெற்று மருந்தையும் ஆறு வாரம் கொடுத்தார்கள். 90 நாள் கழித்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. இதை நம்பி ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, ஸ்கேனும் நரம்பியல் மருத்துவரும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆள் நன்றாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்தது எத்தனை மணிக்கு என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த 4.5 மணி நேரத்துக்கு அங்கிருந்துதான் கணக்கு.

நெஞ்சுவலிக்கு ஆஸ்பிரின் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு, வாய் கோணியவருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். வேண்டாம். மூளையில் அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைக் கூட்டிவிடும்.

அப்புறம் வீட்டுக்கு வந்த பிறகு நடப்பது. நகையை அடகு வைத்து வாரக்கணக்கில் ஊசி போடுவார்கள். ரத்தக்கொதிப்பு மாத்திரையை மட்டும் "இப்பத்தான் நார்மலா இருக்கே" என்று நிறுத்திவிடுவார்கள். எனக்கு ஆறவே ஆறாத தவறு இது. மாத்திரை சாப்பிடுவதால்தான் நார்மலாக இருக்கிறது. இரண்டாவது முறை வாதம் வராமல் தடுப்பதும், இதயத்தைக் காப்பதும் அந்த மாத்திரைதான். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அது வீட்டுக்கே இலவசமாக வருகிறது. பிசியோதெரபியையும் விடாதீர்கள்.

மருத்துவர் எழுதித்தான் சிட்டிகோலின் போடுகிறீர்கள் என்றால் சரி, நரம்பில் மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். மூன்று முதல் ஐந்து நிமிடமாவது ஆகட்டும். வேகமாக ஏற்றினால் ரத்த அழுத்தம் இறங்கலாம். நடுக்கவாதத்துக்கு லெவோடோபா சாப்பிடுபவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதன் வேகத்தை இது கூட்டும். எத்தனை நாளைக்கு என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். அந்த நாள் முடிந்ததும் மெடிக்கலில் நீங்களாகவே மறுபடி வாங்காதீர்கள்.