கார்டு போச்சு என்று முடிவு கட்டும் முன்

கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, லைட் எல்லாம் எரிகிறது, மானிட்டரில் மட்டும் "நோ சிக்னல்". கிராபிக்ஸ் கார்டு போச்சு என்றுதான் முதலில் தோன்றியது. கார்டைக் கழற்றி மாட்டினேன், ரேமைக் கழற்றி மாட்டினேன், மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் பேட்டரியைக்கூட விட்டுவைக்கவில்லை. இரண்டு மணி நேரம் போன பிறகுதான் கண்ணில் பட்டது: முந்தின நாள் தூசி தட்டிவிட்டுத் திரும்ப மாட்டும்போது மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐ போர்ட்டில் செருகியிருக்கிறேன்.

அதனால் உங்களுக்கும் முதலில் அதையே சொல்கிறேன், சிரிக்காமல் எழுந்து போய்ப் பின்பக்கம் பாருங்கள். யூஎஸ்பி, ஆடியோ போர்ட்டுகளோடு சேர்ந்து மேலே இருப்பது மதர்போர்டுடையது, அதற்குக் கீழே தனியாகப் படுக்கை வாட்டில் ஒரு தகட்டில் வரிசையாக இருப்பவைதான் கார்டுடையவை, கேபிள் அங்கேதான் போக வேண்டும். இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசி எழுத்து எஃப் என்றால், ஐ5-12400எஃப் மாதிரி, அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது, மதர்போர்டில் எதைச் செருகினாலும் படம் வராது. ரைசன் 5000 வரிசையில் ஜி எழுத்து இல்லாதவையும் அப்படித்தான். கேபிள் சரியான இடத்தில்தான் இருக்கிறதா? சரி, வேறு கேபிள் போட்டுப் பாருங்கள், கார்டிலேயே வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள், மானிட்டரில் இன்புட் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால் உடனே ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். பிரச்சினை எந்த நேரத்தில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஆன் செய்த நொடியிலிருந்தே இருட்டா, லோகோ வரை வந்துவிட்டு விண்டோஸ் ஏறும்போது போகிறதா, நாள் முழுக்க நன்றாக ஓடிவிட்டு கேம் போட்டால் மட்டும் போகிறதா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. அப்புறம் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிள், டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்), பயாஸ் (விண்டோஸ் ஏறும் முன் மதர்போர்டிலேயே ஓடும் மென்பொருள்) செட்டிங் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றி, பிரச்சினை போய்விட்டால் சந்தோஷம்தான், ஆனால் எதனால் போனது என்று தெரியாது, அடுத்த வாரம் திரும்ப வந்து நின்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆன் செய்ததிலிருந்தே இருட்டு என்றால் டிரைவரைச் சந்தேகப்படவே வேண்டாம், விண்டோஸே இன்னும் எழவில்லையே. கரண்ட், கார்டு உட்காரும் ஸ்லாட், பயாஸ், இந்த மூன்றுக்குள்தான் விஷயம் இருக்கும். எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குள் கரண்ட் பிரித்துத் தரும் பெட்டி, அதன் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்டை இறக்கிவிட்டு, கேபினெட்டின் இரும்பை ஒரு முறை தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள்.

ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட்தான். 6 பின் கனெக்டர் இன்னொரு 75 வாட் தரும், 8 பின் என்றால் 150. ஆக 200 வாட் இழுக்கும் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனியாக வயர் போயே ஆக வேண்டும். அது போகாவிட்டாலும் கார்டின் ஃபேன் சுற்றலாம், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். 8 பின்னில் ஒரு குழப்பமும் உண்டு, பிராசஸருக்குப் போகும் 8 பின் வேறு, கார்டுக்குப் போகும் 8 பின் வேறு. பெரும்பாலும் முதலாவது 4+4 ஆகப் பிரியும், இரண்டாவது 6+2 ஆகப் பிரியும், ஏறவில்லை என்றால் வம்புக்கு அழுத்தாதீர்கள். கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ் என்றால் இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கேபிளை இதில் போடவே கூடாது. கார்டு பக்கம் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் கம்பிகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், 12 வோல்ட் போகக் கூடாத இடத்துக்குப் போனால் எது கருகும் என்று சொல்ல முடியாது. இரண்டு 8 பின் கேட்கும் கார்டு என்றால் ஒரே கேபிளின் இரண்டு முனைகளைச் செருகாமல் இரண்டு தனிக் கேபிள் போடுவது நல்லது. புதிய கார்டுகளில் வரும் 16 பின் கனெக்டர் இடைவெளியே தெரியாமல் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்தே பாருங்கள். 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த புதிதில் சில கார்டுகளில் அந்த இடம் உருகியது, கனெக்டர் முழுதாக ஏறாதது ஒரு பொதுவான காரணம் என்று என்விடியாவே சொன்னது.

கார்டை எடுக்கும்போது ஸ்லாட்டின் ஓரத்தில் இருக்கும் கொக்கியை முதலில் அழுத்துங்கள், மறந்துவிட்டு இழுத்தால் ஸ்லாட்டே பெயரும். தங்க நிறப் பற்களில் அழுக்கு இருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு, கொக்கி "டக்" என்று விழும் வரை அழுத்தி மாட்டுங்கள். கனமான கார்டு நாளாக நாளாக ஒரு பக்கமாகத் தொங்கி ஸ்லாட்டில் சரியாகப் படாமல் போவதும் உண்டு, கீழே ஒரு முட்டு கொடுத்தால் சரியாகிவிடும். மதர்போர்டில் விஜிஏ என்று பெயர் போட்ட குட்டி விளக்கு இருந்து அது அணையாமல் எரிந்தால் மதர்போர்டுக்குக் கார்டு பிடிபடவில்லை என்று அர்த்தம். பிராசஸரிலேயே கிராபிக்ஸ் இருந்தால் கார்டை முழுதாகக் கழற்றி வைத்துவிட்டு, அப்போது மட்டும் மதர்போர்டு போர்ட்டில் செருகி ஆன் செய்யுங்கள். அப்படியும் படம் வரவில்லை என்றால் கார்டின் மேல் பழி போடாதீர்கள், ரேம் பக்கம் போங்கள். ரொம்பப் பழைய கார்டைப் புதிய மதர்போர்டில் போட்டிருந்தால் பயாஸில் சிஎஸ்எம் என்ற, பழைய முறையில் இயங்குபவற்றுக்கு இடம் தரும் செட்டிங் அணைந்திருப்பதாலேயே படம் வராமல் இருக்கலாம், கார்டில் ஒரு குறையும் இருக்காது.

லோகோ வருகிறது, விண்டோஸ் ஏறியதும் கறுக்கிறது என்றால் சந்தேகம் டிரைவர் மேல்தான். முதலில் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி எழுத்தை அழுத்துங்கள், விண்டோஸ் டிஸ்பிளே டிரைவரை மட்டும் தட்டி எழுப்பும், சில சமயம் அதோடு முடிந்துவிடும். முடியவில்லை என்றால் சேஃப் மோடு. திரையே தெரியாதபோது அதற்குள் போவது எப்படி? விண்டோஸ் ஏறத் தொடங்கும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள், இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் ரிப்பேர் திரை தானாக வரும், அங்கிருந்து சேஃப் மோடுக்கு வழி இருக்கிறது. வட்டை (ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி) விண்டோஸின் பிட்லாக்கர் என்ற வசதி பூட்டியிருந்தால் ரெகவரி கீ கேட்கும், அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சேஃப் மோடில் விண்டோஸின் சாதாரண டிரைவர்தான் ஓடும், அதில் படம் சுத்தமாக நின்றால் நல்ல அறிகுறி.

பழைய டிரைவரை வேரோடு எடுக்க டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, டிடியு என்பார்கள். புது டிரைவரைக் கார்டு சிப் தயாரித்த என்விடியா, ஏஎம்டி, இன்டெல் தளத்திலிருந்து முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு, சேஃப் மோடில் டிடியுவை ஓட்டுங்கள். இன்டர்நெட் இருந்தால் நீங்கள் அசரும் நேரத்தில் விண்டோஸ் அப்டேட் தானாகவே ஒரு டிரைவரைக் கொண்டுவந்து திணித்துவிடும். புதிய டிரைவர்தான் நல்ல டிரைவர் என்றும் இல்லை, அப்டேட் செய்த அன்றிலிருந்து தொல்லை ஆரம்பித்திருந்தால் அதற்கு முந்தைய பதிப்புக்கே திரும்பிவிடுங்கள். இத்தனைக்கும் பிறகு டிவைஸ் மேனேஜரில் கார்டின் மேல் மஞ்சள் முக்கோணமும் "கோடு 43" என்ற வரியும் நின்றால்தான் கார்டைச் சந்தேகிக்க வேண்டும்.

"டிஸ்பிளே டிரைவர் நின்றுபோய் மீண்டது" என்று ஒரு செய்தி பார்த்திருப்பீர்கள், விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைத்துக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணில் பதிவாகும். கார்டு 2 நொடிக்கு மேல் பதில் சொல்லாமல் இருந்தால் விண்டோஸ் அதை ரீசெட் செய்கிறது, அவ்வளவுதான் விஷயம். விண்டோஸின் உள் செட்டிங்குகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் போய் இந்த 2 நொடியை 10 ஆக்கு என்று அறிவுரை சுற்றுகிறது, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஜுரத்துக்குத் தெர்மாமீட்டரை மாற்றுகிற வேலை அது. அதே ஈவென்ட் வியூவரில் கர்னல் பவர் 41 என்று சிவப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், கம்ப்யூட்டர் முறையாக அணைக்கப்படாமல் நின்றது என்று மட்டும்தான் அது சொல்கிறது, ஏன் என்று அதற்கும் தெரியாது.

கேமில் மட்டும் வரும் தொல்லை என்றால் எப்படிப் போகிறது என்று பாருங்கள். பத்து இருபது நிமிடம் நன்றாக ஓடி, பிறகு மெல்ல இழுக்க ஆரம்பித்தால் சூடு. கம்ப்யூட்டரே சட்டென்று அணைந்து ரீஸ்டார்ட் ஆனால் எஸ்எம்பிஎஸ் தாங்கவில்லை என்பதற்கு வாய்ப்பு அதிகம். கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப்புக்கு வந்துவிட்டால் டிரைவர், ஓவர்கிளாக் (வேகத்தை வழக்கத்துக்கு மேல் ஏற்றி வைப்பது), ரேம், அந்த கேமேகூட. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற, வெப்பம் காட்டும் மென்பொருளை ஓரமாக ஓடவிட்டு வெப்பத்தைப் பாருங்கள், சுமையில் 65 முதல் 85 டிகிரி வரை என்றால் பொதுவாகக் கவலையில்லை. ஹாட்ஸ்பாட் என்று, சிப்பில் மிகச் சூடான இடத்துக்குத் தனியாக வரும் எண் அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். சும்மா இருக்கும்போது ஃபேன் சுற்றாமல் நிற்பதும் பல கார்டுகளில் அப்படி வடிவமைத்ததுதான், பழுது இல்லை. தூசி ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு, காசு செலவில்லாதது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில், கார்டு இழுக்கும் கரண்டின் உச்சவரம்பான பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு அதே கேமை ஆடுங்கள். கிராஷ் நின்றுவிட்டால் சூடோ எஸ்எம்பிஎஸ்ஸோதான் என்று கிட்டத்தட்ட முடிவுக்கு வரலாம். நிற்கவில்லை என்றால் பவர் லிமிட்டைப் பழையபடி வைத்துவிட்டு, கோர் வேகத்தை 50 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்துப் பாருங்கள், கம்பெனியே கொஞ்சம் முறுக்கேற்றி அனுப்பிய கார்டுகள் வயதானதும் அந்த வேகத்தைத் தாங்காமல் தடுமாறும். அதற்கும் நிற்கவில்லையா, ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி என்ற பயாஸ் செட்டிங்கை அணைத்துப் பாருங்கள், கார்டின் மேல் விழும் பழி சில சமயம் ரேமுக்குப் போக வேண்டியது.

திரையில் புள்ளி புள்ளியாக, கட்டம் கட்டமாக, கோடு கோடாக வருகிறதா? அது தெரியும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தைப் போனில் திறந்து பாருங்கள். போனில் படம் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் கார்டு சரியாகத்தான் வரைந்திருக்கிறது, வழியில் கேபிளோ போர்ட்டோ மானிட்டரோ கெடுக்கிறது. போனிலும் அதே புள்ளிகள் இருந்தால் கோளாறு கார்டிலோ டிரைவரிலோ இருக்கிறது. அந்த இரண்டில் எது என்று பிரிக்க ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் போங்கள், அங்கே விண்டோஸ் டிரைவர் கிடையாது. கேபிளும் மானிட்டரும் தப்பித்த பிறகு அங்கேயும் புள்ளி தெரிந்தால், கார்டின் மெமரி சிப்போ அதன் சால்டரோ போயிருக்கிறது, மென்பொருளால் அதற்கு வைத்தியம் இல்லை.

இந்தக் கட்டத்தில்தான் கார்டை ஓவனில் வைத்துச் சுடு என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். சூட்டில் உள்ளே இருக்கும் இணைப்பு கொஞ்ச நாளைக்கு ஒட்டிக்கொண்டு வேலை செய்யலாம், திரும்பவும் விட்டுப்போகும், பிளாஸ்டிக்கும் சால்டரும் விடும் புகை சமைக்கிற ஓவனுக்குள் தங்கும்.

கடைசியாக, முடிந்தால் கார்டை இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள், அதன் எஸ்எம்பிஎஸ் தாங்குமா என்று பார்த்துவிட்டு. கோளாறு கார்டோடு கூடவே போனால் கார்டுதான், இங்கேயே தங்கிவிட்டால் மதர்போர்டு அல்லது எஸ்எம்பிஎஸ். கார்டுதான் என்று தெரிந்து வாரன்டியும் இருந்தால் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றுகிறேன் என்று சிப்பின் மேல் இருக்கும் ஹீட்சிங்கைக் கழற்றாதீர்கள், முதலில் வாரன்டி விதியைப் படியுங்கள். சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் திரையில் கோளாறு தெரியும்போதும் போட்டோ எடுத்துக்கொண்டு, என்னென்ன மாற்றிப் பார்த்தீர்கள் என்று நான்கு வரி எழுதிக் கார்டோடு வைத்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் "டிரைவரை அப்டேட் செய்தீர்களா" என்பதிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்கள்.