‘பார்த்துக்கொண்டே குறுக்கே வந்தார்’: பெரிய பைக் வாங்கியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிழக்கு கடற்கரைச் சாலையோரம் ஒரு டீக்கடை. ஆறு வாரங்களுக்கு முன் 1000 சி.சி. பைக் வாங்கிய இளைஞர் ஒருவர் கை நடுக்கம் அடங்காமல் உட்கார்ந்திருந்தார். டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. “அண்ணா, அவர் என்னைப் பார்த்துக்கொண்டே குறுக்கே வந்தார்” என்று மூன்று முறை சொன்னார். மயிரிழையில் தப்பியிருக்கிறார். பயம் பாதி, கோபம் பாதி. அந்தக் கோபம் முழுவதும் குறுக்கே வந்த ஸ்கூட்டர்காரர் மேல்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் இதே வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஹெல்மெட் அணியுங்கள், குடித்துவிட்டு ஓட்டாதீர்கள் என்பதெல்லாம் இங்கே இருக்காது. அவை தெரியாதவர் இந்த வண்டிகளின் பக்கமே வரக் கூடாது. நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களும் பெரிய பைக்கில் ஏறியதும் செய்கிற தவறுகளைத்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன், எல்லாரும் என்னிடம் கேட்கும் கேள்வி: இந்த பைக்குகள் சாலைக்கு மீறிய வேகத்தை எட்டிவிட்டனவா? 1969-ல் ஹோண்டா சிபி 750 வந்தபோது அதன் 67 குதிரைத்திறனைப் பார்த்து உலகம் வியந்தது. 1998-ல் யமஹா ஆர்1 150 குதிரைத்திறனோடு வந்தது. 2019-ல் வந்த பி.எம்.டபிள்யூ எஸ் 1000 ஆர்ஆர் 207 குதிரைத்திறன், எடை 197 கிலோ. ஒரு குதிரைத்திறன் இழுக்க வேண்டிய எடை ஒரு கிலோகூட இல்லை. 1999-ல் சுசுகி ஹயபுசா மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டியபோது ஐரோப்பாவில் தடைப் பேச்சு எழுந்தது. நிறுவனங்கள் தங்களுக்குள் எழுதாத உடன்பாடாக 299-ல் நிறுத்திக்கொண்டன. நம் நாட்டில் 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை நான்குவழிச் சாலையில் பைக்குக்கு வைத்த உச்ச வரம்பு 80. என் பைக் முதல் கியரிலேயே 140-ஐத் தாண்டும். 80-ஐ எட்ட மூன்று வினாடிகூட ஆகாது.

ஆகவே, மீறிவிட்டன என்றே நான் சொல்வேன். ஆனால் அதற்குக் காரணத்தைப் பிரேக்கிலும் டயரிலும் தேடுகிறவர்கள் தவறான இடத்தில் தேடுகிறார்கள். அவை இன்று அற்புதமாக இருக்கின்றன. மீறியது சாலையில் நம்மோடு இருக்கும் மற்றவர்களின் கணக்கை.

200 சி.சி.யிலிருந்து நேராக 1000-க்குத் தாவுவது

பிரிட்டனில் 24 வயது ஆகாதவர் நேரடியாகக் கட்டுப்பாடற்ற பைக் உரிமம் பெற முடியாது. முதலில் 35 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 47 குதிரைத்திறன் வரையுள்ள பைக்கில் இரண்டு ஆண்டுகள் கழிக்க வேண்டும். நம் ஊரில் 18 வயதில் கியர் வண்டிக்கு வாங்கும் உரிமமே 100 சி.சி.க்கும் போதும், 1340 சி.சி.க்கும் போதும். சட்டம் படி வைக்கவில்லை என்றால் நாமே வைத்துக்கொள்ள வேண்டும். சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 சரியாக அந்த 47 குதிரைத்திறன் அளவில் நிற்கிறது. அப்படி ஒரு வண்டியில் இரண்டு மழைக்காலங்களைக் கடந்துவிட்டு வாருங்கள். தம்பி முறையாகும் எல்லாரிடமும் இதைச் சொல்கிறேன். பத்தில் ஒருவர் கேட்கிறார்.

‘பார்த்துவிட்டார், நிற்பார்’ என்று நம்புவது

மற்ற தவறுகளைப் பார்த்தால் வருத்தப்படுவேன். இதைப் பார்த்தால் இன்னும் எனக்குக் கோபம் வருகிறது.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை, வாலாஜாபேட்டையைத் தாண்டி, காலை ஆறரை மணி. சாலை துடைத்துவிட்டாற்போல் காலி. நான் 180-ல் போய்க்கொண்டிருந்தேன். தூரத்தில் நடுத்தடுப்பு இடைவெளியில் ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல்., இரண்டு பக்கமும் பால் கேன்கள், மேலே ஒரு பெரியவர். அவர் முகம் என் பக்கம் திரும்பியது. என்னைப் பார்க்கிறார் என்பது தெளிவாகத் தெரிந்தது. பார்த்துவிட்டார், நிற்பார் என்று முடிவு செய்தேன். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சமும் விடவில்லை. அவர் நிதானமாக வண்டியைத் திருப்பிச் சாலைக்குள் வந்தார்.

இரண்டு பிரேக்கையும் பிடித்து, பின்சக்கரம் ஆட, அவருடைய பின்பக்கக் கேனுக்கும் நடுத்தடுப்புக்கும் இடையே எப்படிப் புகுந்து வந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வண்டியை ஓரம் நிறுத்திவிட்டுக் கத்திக்கொண்டே திரும்பி நடந்தேன். பெரியவர் வெலவெலத்துப் போயிருந்தார். அவர் சொன்னது இதுதான்: “தம்பி, நான் பார்த்துவிட்டுத்தானே திரும்பினேன்? நீ எவ்வளவோ தூரத்தில் இருந்தாயே.”

அவர் சொன்னது முழு உண்மை. நான் அப்போது முந்நூறு மீட்டர் தள்ளி இருந்திருப்பேன். அந்தச் சாலையில் அவர் நாற்பது ஆண்டுகளாகப் பார்த்த வண்டிகள் அறுபதிலும் எண்பதிலும் வருபவை. 80-ல் வரும் வண்டிக்கு முந்நூறு மீட்டரைக் கடக்கப் பதின்மூன்று வினாடிக்கு மேல் ஆகும். பால் கேன்களோடு இரண்டு தடங்களைக் கடக்க அவருக்கு ஆறு ஏழு வினாடி போதும். தாராளமாக நேரம் இருக்கிறது. 180 என்றால் வினாடிக்கு ஐம்பது மீட்டர். முந்நூறு மீட்டருக்கு ஆறே வினாடி. அவர் சாலையின் நடுவில் இருக்கும் அதே நொடியில் நானும் அங்கே இருப்பேன். ஆகவே அவர் என்னைக் கவனிக்கத் தவறியதால் குறுக்கே வரவில்லை. கவனித்ததால்தான் வந்தார்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் ஆனது. நேர் எதிரே வரும் ஒரு பொருளின் வேகத்தை, அதன் உருவம் எவ்வளவு சீக்கிரம் பெரிதாகிறது என்பதைக் கொண்டே நம் கண் கணிக்கிறது. லாரி அகலமானது, அது நெருங்குவது தெரியும். பைக் முன்னிருந்து பார்த்தால் ஒரு கோடு, அதில் ஒரு விளக்கு. முந்நூறு மீட்டரில் அது புள்ளி; இருநூறு மீட்டரிலும் ஏறத்தாழ அதே புள்ளிதான். கடைசி ஐம்பது மீட்டரில்தான் திடீரென்று வீங்கும். அப்போது அவரால் செய்ய ஒன்றும் இருக்காது. சத்தமும் உதவாது: பெரும்பாலான எக்ஸாஸ்ட் சத்தம் நமக்குப் பின்னால்தான் போகிறது. ஹெட்லைட்டை அடித்துக் காட்டினால் ‘நான் வருகிறேன், நில்’ என்று நாம் நினைக்கிறோம். ‘சரி, நீ போ’ என்று எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே, அவர் கண்ணைப் பார்க்காதீர்கள், வண்டியின் முன்சக்கரத்தைப் பாருங்கள். திரும்பப்போகும் வண்டியில் முதலில் அசைவது அதுதான். நடுத்தடுப்பு இடைவெளி, பெட்ரோல் பங்க் வாசல், அணுகுசாலை வந்து சேரும் இடம், கல்யாண மண்டபம், ஊருக்குள் போகும் வளைவு ஆகிய எல்லாவற்றுக்கும் முன்னால், மற்ற வண்டிகள் போகும் வேகத்துக்கே இறங்கிவிடுங்கள். அந்த வேகத்தில் உங்களைப் பார்ப்பவரின் கணக்கு சரியாக இருக்கும். நம் நெடுஞ்சாலைகளில் இந்த இடங்களையெல்லாம் கழித்துவிட்டால் மிச்சம் எவ்வளவு தொலைவு இருக்கும் என்று கேட்பீர்கள். ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. பைக்குகள் சாலையை மீறிவிட்டன என்று நான் சொன்னதற்கு இதுதான் அர்த்தம்.

எனக்குக் கோபம் வருவது ஓட்டியவர் தப்பிய பிறகு பேசும் பேச்சில். “கிராமத்து ஆள், சாலை விதி தெரியாது” என்பார்கள். எதிரில் இருந்தவருக்கு விதி தெரியும். அவர் பார்த்தார், கணித்தார், திரும்பினார். கணிக்கவே முடியாத ஒன்றை அவர் எதிரே கொண்டுபோய் நிறுத்தியவர் நாம். டீக்கடையில் அந்தத் தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன். முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. முந்நூறு மீட்டர், ஆறு வினாடி என்று சிகரெட் அட்டையில் எழுதிக் காட்டினேன். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மின்னணுக் கருவிகள் காப்பாற்றும் என்பது

2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லா பைக்குகளுக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கட்டாயம். பெரிய பைக்குகளில் அதற்கு மேல் பின்சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல், வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளந்து அதற்கேற்பப் பிரேக்கைத் திருத்தும் கருவி எல்லாம் உண்டு. இவை பலரைக் காப்பாற்றியிருக்கின்றன. எனக்கு அவற்றின் மேல் பெரிய மரியாதை. ஆனால் அவை டயருக்கும் தாருக்கும் இடையே இருக்கும் பிடிப்பை வீணாக்காமல் பயன்படுத்தும், புதிய பிடிப்பை உண்டாக்காது. வேகம் இருமடங்கானால் பிரேக் தொலைவு நான்கு மடங்கு. நல்ல சாலையில் நல்ல பிரேக்கோடு 100-லிருந்து நிற்க ஏறத்தாழ 48 மீட்டர் என்றால், 200-லிருந்து 192 மீட்டர். மூளை விழித்துக் கை பிரேக்கைத் தொடும் ஒரு வினாடியில் ஓடிவிடும் 55 மீட்டரையும் சேர்த்தால் 250-ஐத் தொடும். எந்தக் கருவியும் இந்தக் கணக்கை மாற்றாது.

இன்னொன்று. இந்த வண்டிகள் 140-ல் போகும்போது, சின்ன பைக் 70-ல் போவது போல அமைதியாக இருக்கும். கொஞ்ச நேரம் 140-ல் போய்விட்டு 90-க்கு இறங்கினால் நகர்வது போலவே தோன்றாது. ஊர் எல்லையில் ‘மெதுவாகத்தானே வந்தேன்’ என்று நினைக்கும்போது மீட்டரைப் பாருங்கள். உடம்பு சொல்வதை நம்பாதீர்கள்.

டயர்

பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரான டயர். கைமாறி வரும் பெரிய பைக்குகளில் டயரின் தடம் புதிது போலப் பளபளக்கும், ஆனால் ரப்பர் கல்லாகிப் போயிருக்கும். பைக்குக்குப் பதினைந்து லட்சம் கொடுத்தவர் டயருக்கு நாற்பதாயிரம் கொடுக்கத் தயங்குவதை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன்.

மீட்டரைப் படம் எடுப்பது

எடுக்காதீர்கள்.

முன்னால் போகிறவரின் வேகத்தில் போவது

குழுவாகப் போகும்போது மூத்தவர் முந்தினார் என்பதற்காக நீங்கள் முந்தாதீர்கள். அவருக்கு எதிரே இருந்த இடைவெளி உங்களுக்கு இருக்காது.

இரவில்

லோ பீமில் தெளிவாகத் தெரிவது ஐம்பது, அறுபது மீட்டர். 80-ல் போனாலே, மூளை விழிக்கும் அந்த ஒரு வினாடியையும் சேர்த்து, நிற்க 53 மீட்டர் வேண்டும். கணக்கு அதோடு முடிந்துவிட்டது. கறுப்பு எருமைக்கும் விளக்கில்லாமல் நிற்கும் கரும்பு டிராக்டருக்கும் இது பொருந்தும்.

‘டிராக் எல்லாம் பந்தயக்காரர்களுக்கு’ என்பது

இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் டிராக் இருக்கிறது. கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கிறது. பயிற்சி நாட்களில் பணம் கட்டி யார் வேண்டுமானாலும் போகலாம். அங்கே எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். விழுந்தால் சறுக்கிப் போக மண் இருக்கிறது, ஓரத்தில் ஆம்புலன்ஸ் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே உங்களைப் பார்க்கிறவருக்கு உங்கள் வேகம் தெரியும். அவரும் அதே வேகத்தில்தான் வருகிறார். என் 1000 சி.சி. பைக்கை வேகமாக ஓட்ட வேண்டும் என்று கை துறுதுறுத்தால் அங்கேதான் கொண்டுபோகிறேன். முதல் நாளே எனக்குத் தெரிந்துபோனது, ஆறு ஆண்டுகளாக நெடுஞ்சாலையில் பறந்த எனக்கு முன்பிரேக்கைச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை என்பது.

‘எனக்குத் தெரிந்த சாலை’ என்பது

வாலாஜாபேட்டை வழியாக இப்போதும் மாதம் ஒருமுறை போகிறேன், 650 சி.சி. வண்டியில். ஒவ்வொரு குழியும் ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும் என்று முன்பெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியவர் திரும்பிய அந்த இடைவெளியைச் சில ஆண்டுகளுக்கு முன் கான்கிரீட் கட்டைகளால் அடைத்துவிட்டார்கள். அடைத்த இரண்டாவது மாதம், நூறு மீட்டர் தள்ளி ஒரு கட்டை நகர்த்தப்பட்டிருந்தது. பால் வண்டிகள் இப்போது அங்கே திரும்புகின்றன.