சபை கீபோர்டிலிருந்து பைப் ஆர்கன் கச்சேரி வரை: எல்லையோரப் பிள்ளைகளுக்கு

களியக்காவிளை, பாறசாலை, மார்த்தாண்டம் பக்கம் எந்தச் சபைக்குப் போனாலும் ஞாயிறு ஆராதனைக்குக் கீபோர்டு வாசிக்கிற ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இருக்கும். அதில் ஒன்றிரண்டு பேர் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் உள்ள 9,999 குழாய் ஆர்கனை யூடியூபில் பார்த்துவிட்டு, இதைப் படிக்க என்ன செய்யணும் என்று கேட்கிறார்கள். பெற்றோரும் சேர்த்து வாசிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் கிரேடு விஷயம். கிரேடு கிரேடாக இசைத் தேர்வு வைக்கிற டிரினிட்டி காலேஜ் லண்டனில் எலக்ட்ரானிக் கீபோர்டு ஒரு பாடத்திட்டம், பியானோ வேறு, ஆர்கன் வேறு. ரிதம் போட்டு, ஸ்டைல் மாற்றி வாசிக்கிற கீபோர்டு கிரேடை எட்டு வரை முடித்தாலும் ஆர்கன் பெஞ்சில் உட்கார்ந்தால் கை திணறும். பியானோவுக்கு மாறிவிடுங்கள், ஐந்தாம் கிரேடு அளவுக்காவது விரல் தேறட்டும். இன்னொரு பிரிட்டிஷ் தேர்வு அமைப்பான ஏபிஆர்எஸ்எம் வழியில் போனால் ஆறாம் கிரேடு எழுதுவதற்கு முன்னால் தியரி ஐந்தாம் கிரேடோ அதற்கு ஈடான தேர்வோ வேண்டும், அதைக் கடைசி வருஷத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். கொயரில் சோல்ஃபா (டோ ரே மி எழுத்துக் குறிப்பு) பார்த்துப் பாடி வளர்ந்த பிள்ளைகளுக்குக் காது நன்றாக இருக்கும், அது சொத்துதான், ஆனால் ஆர்கன் நோட்டு ஸ்டாஃபில், அதாவது ஐந்து கோட்டுக் குறிப்பில், மூன்று வரிசையாக வரும்: மேலே இரண்டும் கைகளுக்கு, அடியில் உள்ளது காலுக்கு.

அப்புறம் அந்த ட்ரான்ஸ்போஸ் பட்டன். பாடகர் சுதி இறக்கச் சொன்னால் எல்லோரும் அதைத்தான் அமுக்குகிறோம். ஆர்கனிஸ்ட் ஆக வேண்டும் என்றால் இன்றைக்கே அதை மறந்துவிடுங்கள். 1864-இல் தொடங்கிய ராயல் காலேஜ் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸ் வைக்கிற டிப்ளமோ தேர்வுகளில், பார்த்த மாத்திரத்தில் சுதி மாற்றி வாசிப்பதும், மெட்டுக்கு அங்கேயே ஹார்மனி போடுவதும் சோதிக்கப்படும். பாமாலைப் பாட்டு ஒன்றை வாரம் ஒரு சுதியில் வாசித்துப் பழகினால் ஆராதனையே வகுப்பாகிவிடும், இதற்கு ஃபீஸும் கிடையாது.

இனி கால். இதுதான் பெரிய வேலை. காலால் வாசிக்கிற கட்டை வரிசைக்குப் பெடல்போர்டு என்று பெயர், முழு அளவு பெடல்போர்டில் 30 அல்லது 32 கட்டைகள் இருக்கும், குனிந்து பார்க்காமல் வாசிக்க வேண்டும். கருப்புக் கட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பெருவிரல் பக்கத்தால் தடவி இடம் கண்டுபிடிப்பது, முன்பாதமும் குதிகாலும் மாறிமாறி அழுத்துவது, முழங்கால்களை அகட்டாமல் வைத்துக்கொள்வது என்று மாதக்கணக்கில் சலிப்பான பயிற்சி. வெறுங்காலோ ரப்பர் செருப்போ சரிப்படாது. வழுக்கிப் போகிற மெல்லிய தோல் அடியும் கொஞ்சம் குதியும் உள்ள ஷூ, அதையும் ரோட்டில் போடக் கூடாது, ஒரு மணல் ஒட்டினாலும் கட்டை கீறும்.

எதில் பழகுவது? குழாய் ஆர்கன் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் வயசுதான் போகும். கம்ப்யூட்டரோடு இணைக்கிற பழைய மிடி கீபோர்டு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, லேப்டாப்பில் கிராண்ட்ஆர்க் என்ற ஆர்கன் மென்பொருள் போடுங்கள், இலவசம். ஐரோப்பாவில் உள்ள நிஜ ஆர்கன்களைக் குழாய் குழாயாகப் பதிவுசெய்த ஒலிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. பெடல்போர்டு மட்டும்தான் சிக்கல், இறக்குமதி செய்தால் கப்பல் கூலியே கண்ணைக் கட்டும். சரியான அளவு வரைபடம் கொடுத்தால் நல்ல ஆசாரி ஒருவர் செய்துவிடுவார், மிடி இணைப்புக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த ஒரு பையன் போதும். இடம் இல்லை என்று பதின்மூன்று கட்டையில் சின்னதாகச் செய்யாதீர்கள், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ஆர்கன் பாட்டுகளில் இரண்டாவது பக்கத்திலேயே கட்டை போதாமல் போகும்.

ஆனாலும் வருஷத்துக்குச் சில தடவையாவது நிஜ ஆர்கனைத் தொட வேண்டும். குழித்துறையில் சாயங்காலம் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை. எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க்கிலும் புனித ஜார்ஜ் பேராலயத்திலும் பைப் ஆர்கன் உண்டு. உங்கள் சபை போதகர் ஐயரிடம் கடிதம் வாங்கி, முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், திடீரென்று போய் நிற்காதீர்கள்.

பாடங்கள் என்று பார்த்தால், பாக்கின் ஆர்கெல்புக்லைன் தொகுப்பில் உள்ள பிடபிள்யூவி 639 (பாக்கின் படைப்புப் பட்டியலில் அதன் எண்) நல்ல ஆரம்பம், மெதுவாக வரும், கால் பாகமும் எளிது. அந்தத் தொகுப்பையே கற்கும் ஆர்கனிஸ்டுக்கு என்றுதான் அவர் முகப்பில் எழுதினார். கடைசியில் பாக்கின் ஆறு ட்ரையோ சொனாட்டாக்கள். வலது கைக்கு ஒரு மெட்டு, இடது கைக்கு இன்னொன்று, காலுக்கு மூன்றாவது, ஒளிய இடமே இல்லை. வலது கையும் காலும், பிறகு இடது கையும் காலும், அப்புறம்தான் மூன்றும். பாக்கின் டீ மைனர் டொக்காட்டாவில் முதலிலேயே கை வைக்கிற ஆசை எல்லோருக்கும் வரும், வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள், தேர்வுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கச்சேரி ஆர்கனிஸ்டின் தலைவலி தனி. வயலின்காரர் வயலினைத் தூக்கிக்கொண்டு போவார், நீங்கள் போகிற ஊரில் இருப்பதை வாசிக்க வேண்டும். ஒன்றில் இரண்டு மேனுவல் (கையால் வாசிக்கிற கட்டை வரிசை), இன்னொன்றில் நான்கு. எந்தக் குழாய் வரிசை ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிற குமிழ்தான் ஸ்டாப். 8 அடி என்று எழுதிய ஸ்டாப் நோட்டில் உள்ள சுதியிலேயே ஒலிக்கும், 16 அடி ஒரு ஸ்தாயி கீழே, 4 அடி மேலே, ஆனால் ஒரே பெயருள்ள ஸ்டாப் இரண்டு ஊரில் இரண்டு குரலில் பேசும். பெரிய ஆலயத்தில் நீங்கள் அழுத்திய பிறகுதான் சத்தம் காதுக்கு வந்து சேரும், அதைக் கேட்டுக் கேட்டு வாசித்தால் வேகம் குறைந்துகொண்டே போகும், விரலை நம்பிப் போக வேண்டும். அதனால் முந்தின நாளே போய், ஸ்டாப் சேர்க்கைகளை ஆர்கனின் நினைவகத்தில் பதித்து, கூடத்தின் கடைசி வரிசையில் ஒருவரை உட்கார வைத்து எப்படிக் கேட்கிறது என்று கேளுங்கள்.

மேல்படிப்புக்கு இரண்டு வழி சொல்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் ஆர்கன் ஸ்காலர் என்று உண்டு, பட்டப்படிப்போடு சாப்பல் இசையைக் கவனிக்க வேண்டும். பெருமைதான், ஆனால் வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் அதிகம், ஆர்கன் ஸ்காலருக்குக் கிடைக்கும் தொகை அதில் ஒரு மூலைக்குக்கூட வராது. நம் பக்கத்துக்குப் பொருந்துவது ஜெர்மனி என்பது என் கருத்து. அங்கே அரசு இசைக் கல்லூரிகளில் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் இல்லை, ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். தேவாலய இசை என்றே தனிப் படிப்பு இருக்கிறது, ஆர்கன், கொயர் நடத்துதல், அங்கேயே கற்பனை செய்து வாசித்தல் எல்லாம் சேர்த்து. நர்ஸ் வேலைக்காக ஜெர்மன் படிக்கிற அக்காமார் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், திருவனந்தபுரத்தில் கோத்தே சென்ட்ரமும் இருக்கிறது. பிளஸ் ஒன்னிலேயே மொழியைத் தொடங்கிவிடுங்கள்.

வருமானம்? கச்சேரியை மட்டும் நம்பிப் பிழைப்பவர்கள் உலகத்திலேயே வெகு சிலர். ஒலிவியே லாட்ரி 23 வயதில் பாரிஸ் நோத்ர தாமுக்கு ஆர்கனிஸ்ட் ஆனார், 1985-இல், இன்றைக்கும் கச்சேரிகளோடு அந்தப் பொறுப்பும் கூடவே போகிறது. பெரும்பாலோருக்கு ஓர் ஆலய வேலையோ கற்பிக்கும் வேலையோதான் மாதச் சம்பளம். கச்சேரிகள் அதற்கு மேலே வருபவை. போட்டிகள் பெயர் வாங்கித் தரும். இங்கிலாந்தில் 1963-இல் தொடங்கிய செயின்ட் ஆல்பன்ஸ், பிரான்சில் சார்த்ர், இரண்டுக்கும் வயது வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்துக்குப் பதிவு அனுப்பும்போது வெட்டி ஒட்டாமல் ஒரே மூச்சில் வாசியுங்கள், காலும் கையும் தெரிகிற மாதிரி கேமராவைப் பக்கவாட்டில் வையுங்கள்.