இரவுப் பணியாளர்களுக்கு: உடல் கடிகாரத்தை அறிந்து கண்ணைப் பேணும் முறை

விடிய விடிய விழித்திருந்து வேலை பார்க்கும் செவிலியர், ஆலைத் தொழிலாளர், நெடுந்தூரப் பேருந்து ஓட்டுநர், அமெரிக்க நேரத்துக்குக் கணினி முன் அமர்வோர் ஆகிய பலரும், எழுத்து மங்குகிறது, கண் எரிகிறது, எதிரே வரும் வண்டியின் விளக்குக் கூசுகிறது என்று சொல்லும்போது முதலில் கண்ணாடியின் மீதுதான் சந்தேகம் கொள்கிறார்கள். பவர் மாறியிருக்கவும் கூடும். ஆனால் கண்ணின் நிலை நாள் முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை என்பதையும், தூங்கும் நேரம் தலைகீழானால் அந்த ஏற்ற இறக்கமும் குழம்பிப்போகும் என்பதையும் தெரிந்துகொண்டால், கண்ணாடிக் கடைக்குப் போகும் முன்பே சரிசெய்யக்கூடியவை பல உண்டு.

பார்ப்பது மட்டுமே கண்ணின் வேலை அன்று. இது பகலா இரவா என்று மூளைக்குத் தெரிவிப்பதும் அதன் வேலைதான். விழித்திரையில் உள்ள, மங்கிய ஒளியில் பார்க்க உதவும் குச்சி செல்களும் பகல் ஒளியில் நிறம் காட்டும் கூம்பு செல்களும் மட்டுமே ஒளியை உணர்கின்றன என்று நெடுங்காலம் கருதப்பட்டது. விழித்திரையின் நரம்புச் செல்களில் மிகச் சிறு பங்கு, மெலனாப்சின் என்னும் நிறமியின் துணையால் தாமாகவே ஒளியை உணர்கின்றன என்பதை அமெரிக்க நரம்பியல் அறிஞர் டேவிட் பெர்சன் குழுவினர் 2002-ஆம் ஆண்டில் எலிகளிடம் செய்த ஆய்வில் காட்டினர். ஏறத்தாழ 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கு மிகுதியாகத் தூண்டப்படும் இச்செல்கள், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் அமைந்த உடலின் தலைமைக் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. அக்கடிகாரம் தூக்கத்தையும் உடல் வெப்பத்தையும் ஒழுங்குபடுத்துகிறது. கண்ணுக்குள்ளேயும் நாளொழுங்கு உண்டு: குச்சி செல்கள் தம் பழைய நுனிகளைக் காலை வேளையில்தான் மிகுதியாக உதிர்க்கின்றன, அவற்றை விழித்திரைக்குப் பின்னுள்ள நிறமி அடுக்கு விழுங்கி அகற்றுகிறது.

ஆகவே முதலில் ஒழுங்குபடுத்த வேண்டியது வெளிச்சத்தை. தொடர்ந்து பல வாரங்கள் இரவுப் பணியே என்றால், பணியின் முற்பாதியில் நல்ல வெளிச்சத்தில் இருங்கள். உடல் வெப்பம் மிகவும் தாழும் அதிகாலை 4 மணியை ஒட்டி, வேலை இடம் தந்தால், விளக்கையும் திரையின் ஒளியையும் குறையுங்கள். அந்தத் தாழ்நிலைக்கு முன் படும் ஒளி கடிகாரத்தைப் பின்தள்ளிப் பகல் தூக்கத்துக்கு இசைவாக்கும், பின் படும் ஒளி அதை முன்னுக்கு இழுக்கும். வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் மட்டுமே பணி என்றால் இந்த முயற்சியே வேண்டாம் என்பது என் கருத்து. உடல் கடிகாரம் ஒரு நாளில் ஓரிரு மணி நேரத்துக்கு மேல் நகராது. அது திரும்புவதற்குள் பணி முறை மாறிவிடும். அத்தகையோர் பணிக்குப் போகும் முன் பிற்பகலில் ஒரு தூக்கம் போடுவதே பயன் தரும்.

வண்டி ஓட்டுவோர் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. நெடுஞ்சாலைத் தேநீர்க் கடையின் பளிச்சென்ற விளக்குகளுக்குக் கீழே நின்றுவிட்டு இருளுக்குத் திரும்பும் கண்ணில், கூம்பு செல்கள் பழகுவதற்குச் சுமார் 10 நிமிடமும், குச்சி செல்கள் முழுமையாகப் பழகுவதற்கு 30 முதல் 40 நிமிடமும் ஆகும். அதனால் ஓரமாக இருட்டில் நின்று தேநீர் குடிப்பது நல்லது. ஓட்டுநர் அறையின் விளக்கும் கைப்பேசித் திரையும் மங்கலாகவே இருக்கட்டும். தூக்கம் கெட்டால் இரு கண்களையும் ஒன்றாக நிறுத்தும் கட்டுப்பாடு தளர்ந்து, சிலருக்கு உருவங்கள் இரட்டையாகத் தெரியும். அதனினும் கொடியது நொடித் தூக்கம்: சில வேளைகளில் கண் திறந்தே இருக்கும், மூளையோ காட்சியைப் பெறாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 நொடி என்பது 50 மீட்டர். ஜன்னலைத் திறப்பதும் பாட்டை உரக்க வைப்பதும் இதற்கு மருந்தாகா. வண்டியை நிறுத்தி 20 நிமிடம் கண்ணயர்ந்து, எழுந்தபின் மந்தம் தெளியும்வரை பொறுத்து ஓட்டுங்கள். பணி முடிந்து வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணியலாம் என்ற அறிவுரை பேருந்தில் பயணிப்பவருக்குப் பொருந்தும். தூக்கக் கலக்கத்தோடு இருசக்கர வண்டி ஓட்டுபவருக்குப் பொருந்தாது.

கருவிழி (கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் ஒளிபுகும் படலம், கார்னியா) தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனில் பெரும்பங்கைக் காற்றிலிருந்தே நேரடியாகப் பெறுகிறது. இமை மூடியிருக்கையில் அது குறைவதால், தூக்கத்தின்போது கருவிழி 3 முதல் 4 சதவீதம் வரை தடித்து, விழித்த ஓரிரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வருகிறது. எனவே பவர் பார்ப்பதற்கு, இரவுப் பணி முடிந்த கையோடும் போகாதீர்கள், எழுந்தவுடனும் போகாதீர்கள்; நன்றாகத் தூங்கி எழுந்து இரண்டு மணி நேரமாவது கழித்துப் போங்கள். எழுந்து வெகுநேரமாகியும் பார்வையில் பனி விலகாமல், பொழுது ஏறஏறத்தான் தெளிகிறது என்றால், கருவிழியின் உள்ளடுக்கு பழுதாகியிருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கான்டாக்ட் லென்ஸோடு பணியிடையே குட்டித் தூக்கம் போடுவதை அடியோடு விட்டுவிடுங்கள். ஆக்ஸிஜன் மேலும் குறைந்து, கிருமித் தொற்று ஏற்படும் வாய்ப்பு பல மடங்காகும்.

கண் அழுத்தமும் ஒரே அளவில் நிற்பதன்று. பலருக்கு அது பின்னிரவிலோ அதிகாலையிலோ உயர்கிறது. படுத்திருக்கும்போது மேலும் ஏறுகிறது. பார்வை நரம்பைப் பழுதாக்கும் கிளாக்கோமா நோய் உள்ளவர்களும் குடும்பத்தில் அந்நோய் இருப்பவர்களும், தாம் எப்போது தூங்கி எப்போது எழுகிறோம் என்பதை மருத்துவரிடம் கூறி, அழுத்தத்தை வெவ்வேறு வேளைகளில் அளக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

பகலில் தூங்கும் அறையைத் தடித்த திரையால் இருட்டாக்குங்கள். கண் மறைப்புத் துணி போதும் என்றால் அது விழியை அழுத்தாததாக இருக்கட்டும். மின்விசிறிக் காற்றோ ஏ.சி. காற்றோ நேராக முகத்தில் அடித்தால், தூக்கத்தில் இமை முழுதும் மூடாதவர்களுக்கு விழி வறண்டு, எழும்போது மணல் விழுந்தாற்போல் உறுத்தும். கட்டிலின் தலைமாட்டை மாற்றிப் போட்டாலே பலருக்கு இது தீர்ந்துவிடும்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டுமா என்பது பலர் கேட்கும் கேள்வி. 17 சோதனைகளைத் தொகுத்து 2023-இல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வு, குறுகிய காலத்தில் அது கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்கிறது. திரையைப் பார்க்கையில் இமைப்பது குறைவதே எரிச்சலுக்குப் பெரிய காரணம் என்பதால், அடிக்கடி தொலைவில் பார்வையைச் செலுத்தி நன்றாக இமைப்பது செலவில்லாத வழி.

எவ்வளவு நேரம் தூங்கினாலும் அசதி தீரவில்லை, குறட்டை பலமாக இருக்கிறது, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டார் சொன்னால், அதைக் கண் மருத்துவரிடமும் தெரிவியுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய்க்கும், இமை தொளதொளத்துப் போவதற்கும், பார்வை நரம்புக்கு இரத்தம் திடீரெனக் குறைவதற்கும் தொடர்பு உண்டு. தூங்கி எழும்போது ஒரு கண்ணில் மட்டும் பார்வை வலியின்றி மறைந்திருந்தால், தூக்கக் குறைவு என்று எண்ணி மறுபடி படுக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.